நான்கு சிறகு மாளிகையை நிறுத்திவைத்தவருக்கு

லேக் கார்டன்ஸ்,
கொல்கத்தா – 45

மதிப்பிற்குரிய சாமுவேல் போர்ன் அவர்களுக்கு,

நீங்கள் மறைந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. என்றாலும் உங்களுக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. அதை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்பதால் இதைத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

1860-களில் நீங்கள் எடுத்த கல்கத்தா அரசாங்க மாளிகைப் புகைப்படங்களில் ஒன்றின் அச்சுப் பிரதி எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நீங்கள் இந்த நகரத்தில் வந்து இறங்கிய 1863-ல் நான் வாழும் இந்த இடம் சதுப்பும் புதருமாகக் கிடந்தது. அருகிலுள்ள ஏரியையே 1920-களில்தான் நகர மேம்பாட்டு டிரஸ்ட் வெட்டியது. இன்று அதை ரவீந்திர சரோவர் என்கிறோம். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம். ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் லேக் மார்க்கெட். அங்கே வாழை இலையும் மல்லிகைச் சரமும் வறுத்து அரைத்த காப்பித்தூளும் கிடைக்கும். அலுவலக வேலைக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "இது இங்கிலாந்தில் எந்த ஊர்?" என்று கேட்பார்கள். கொல்கத்தாதான், எஸ்பிளனேடுக்குப் பக்கத்தில் என்றால் நம்ப மாட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டடத்துக்கு மூலமே இங்கிலாந்தில்தான் இருக்கிறது. டெர்பிஷயரில் கர்சன் குடும்பத்துக்கு 1760-களில் ராபர்ட் ஆடம் கட்டிக்கொடுத்த கெடில்ஸ்டன் மாளிகைதான் இதற்கு முன்மாதிரி. 1799-ல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு இங்கிருந்த பழைய அரசாங்க வீட்டையும் அண்டை வீடுகளையும் இடித்துத் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்கினார். அதே ஆண்டு மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். கிழக்கிந்திய வணிகக் கம்பெனியாக வந்தவர்கள் இனி அரண்மனையில் உட்கார்ந்து ஆளப்போகிறார்கள் என்பதை ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது. வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் சார்லஸ் வையட் வரைபடம் போட்டார். 1803-ல் மாளிகை எழுந்தது. லண்டனில் கணக்குப் பார்த்த கம்பெனி இயக்குநர்கள் கொதித்துப்போனார்கள். 1805-ல் வெல்லெஸ்லி பதவியை விட்டுப் போக நேர்ந்ததற்கு இந்தச் செலவும் ஒரு காரணம்.

கெடில்ஸ்டனில் நடுக் கட்டடத்தைச் சுற்றி நான்கு மூலைகளிலும் நான்கு சிறகுகள் வைக்கத் திட்டம். ஆனால் அங்கே இரண்டுதான் கட்டி முடிந்தன. மூலத்தில் அரைகுறையாக நின்றது நகலில் முழுமை பெற்றது: கல்கத்தாவில் நான்கு சிறகுகளும் உண்டு. வளைந்த தாழ்வாரங்கள் அவற்றை நடுக் கட்டடத்தோடு இணைக்கின்றன. இந்த ஊரின் புழுக்கத்துக்கு அது பொருத்தமான அமைப்பு. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஏதாவது ஒரு பக்கம் அதை வாங்கிக்கொள்ளும். அங்கே கல், இங்கே செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். கல்லே கிடைக்காத வண்டல் மண்ணில் கல் மாளிகை போலத் தோன்றச் செய்த அந்தக் கொத்தனார்களின் கைவேலை உங்கள் படத்தில் அப்படியே தெரிகிறது. தூண்களின் மேல் வெயில் விழுகிற இடத்தில் பூச்சின் வழவழப்பு மின்னுகிறது. இத்தனை பெரிய வீட்டுக்குள் சமையற்கட்டு கிடையாது என்பது இன்னொரு சங்கதி. வெளியே எங்கோ சமைத்து, தெருவைக் கடந்து உணவைச் சுமந்து வருவார்கள்.

உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு முதற்காரணம் இந்த நுணுக்கம்தான். அதற்கு நீங்கள் கொடுத்த உழைப்பை இன்று கைப்பேசியில் படம் எடுக்கும் எங்களால் நினைத்துப் பார்ப்பதுகூடக் கடினம். கண்ணாடித் தகட்டில் கொல்லோடியன் பசையைச் சமமாக ஓடவிட வேண்டும். இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்தெடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்திப் படம் பிடித்து, உடனே கூடாரத்துக்குள் ஓடிக் கழுவியாக வேண்டும். கல்கத்தா வெயிலில் அந்த ஈரம் எத்தனை நிமிடம் தாங்கும்? பூச்சில் ஒரு தூசி விழுந்தாலும் தகடு வீண். பிறகு முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில், வெயிலிலேயே வைத்து அச்சு எடுக்க வேண்டும். நாட்டிங்ஹாமில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்த நீங்கள் அந்த வேலையை உதறிவிட்டு இதற்காகவே கப்பல் ஏறி வந்தீர்கள். இமயமலையில் 18,000 அடிக்கு மேலேயும் இதே கண்ணாடித் தகடுகளோடு போய் நின்றீர்கள்.

அந்த முறைக்கு ஒரு குறை இருந்தது. கொல்லோடியனுக்கு நீல ஒளி மட்டுமே நன்றாகக் கண்ணில் படும். அதனால் நீல வானம் வெறும் வெள்ளையாக வெளுத்துவிடும். பச்சை இலைகள் கறுத்துவிடும். சிவப்பு, மஞ்சள் பூக்கள் இருட்டுப் புள்ளிகளாகத்தான் விழும். ஆகவே உங்கள் படத்திலுள்ள தோட்டத்தில் எங்கே பூ, எங்கே வெறும் இலை என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். செடிகளின் வரிசை தெரிகிறது, பாதையின் வளைவு தெரிகிறது, புல்தரையின் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் தெரிகிறது. நிறம் மட்டும் இல்லை.

அந்தத் தோட்டத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. 1820-களில் கவர்னர் ஜெனரலாக இருந்த ஆம்ஹெர்ஸ்ட் பிரபுவின் மனைவி மாளிகையைச் சுற்றி அழகான பூந்தோட்டம் போட்டார். 1828-ல் பெண்டிங்க் வந்தார். அவருடைய மனைவிக்குப் பூக்கள் உடம்புக்கு ஆகாது என்ற எண்ணம். வந்த வேகத்தில் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப் போடச் சொல்லிவிட்டார். பின்னர் வந்த ஆக்லாந்து பிரபுவின் தங்கை எமிலி ஈடன், 1830-களில் அதை மறுபடி நட வைத்தார். ஈடனே தம் கடிதங்களில் இதை எழுதிவைத்திருக்கிறார். அந்த ஈடன் சகோதரிகளின் பெயரில்தான் பக்கத்திலுள்ள ஈடன் கார்டன்ஸ் இருக்கிறது. இன்று உலகத்துக்கு அது கிரிக்கெட் மைதானமாக மட்டுமே தெரியும்.

ஒருவர் நடச் சொன்னார், ஒருவர் பிடுங்கச் சொன்னார், இன்னொருவர் திரும்ப நடச் சொன்னார். மூன்று சீமாட்டிகளின் பெயரும் நூல்களில் இருக்கின்றன. நட்டவன், பிடுங்கியவன், திரும்ப நட்டவன் பெயர் எங்கேயும் இல்லை. மூன்று வேலையையும் ஒரே மாலி, அதாவது தோட்டக்காரன், செய்திருக்கவும் கூடும். முதல் தடவை தன் கையால் ஊன்றிய பதியனைச் சில ஆண்டுகளில் தானே பிடுங்கி எறிந்திருப்பான். உங்கள் படத்தில் அந்தப் புல்தரை இவ்வளவு ஒழுங்காக விழுந்திருக்கிறது என்றால், அன்று காலையில் யாரோ குந்தி உட்கார்ந்து அதை வெட்டிச் சீர் செய்திருக்கிறார்கள் என்று பொருள். நகர்கிற ஆள் உங்கள் தகட்டில் பதிய மாட்டான், புகைபோல் கரைந்துவிடுவான். வேலை செய்கிறவன் நகர்ந்துகொண்டேதான் இருப்பான்.

இதில் உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் இமயப் பயணக் குறிப்புகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், உங்கள் தகடுகளையும் கூடாரத்தையும் சுமந்த கூலிகளிடம் நீங்கள் எவ்வளவு கடுமையாக நடந்துகொண்டீர்கள் என்று. தடியெடுத்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குக் கசக்கிறது. என் நன்றியை அது இல்லாமல் ஆக்கிவிடவில்லை. ஆனால் அந்த நன்றியில் பாதியை நான் அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் முதுகில் ஏறாமல் உங்கள் கண்ணாடி எந்த மலையும் ஏறியிருக்காது.

நீங்கள் ஊர் திரும்பிய பிறகு இங்கே நடந்தவற்றை உங்களுக்குச் சொல்ல ஆசை. கெடில்ஸ்டனில் 1859-ல் பிறந்த ஒரு பையன் வளர்ந்து 1899-ல் இதே மாளிகைக்கு வைஸ்ராயாக வந்தார். கர்சன் பிரபு. தாம் பிறந்த வீட்டின் நகலில் வாழ்ந்து, மின்விளக்கும் போட்டு, பிறகு அந்த வீட்டைப் பற்றி இரண்டு பாகத்தில் புத்தகமும் எழுதினார். 1911-ல் தலைநகரை டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். 1912-ல் வைஸ்ராய் இங்கிருந்து போனார். அதே ஆண்டு ஏப்ரலில் நீங்களும் நாட்டிங்ஹாமில் கண்மூடினீர்கள்.

1947 ஆகஸ்ட் 15 அன்று காலை அந்த வாசலில் யாரும் எதிர்பாராதது நடந்தது. கல்கத்தா மக்கள் திரளாக மாளிகைக்குள் புகுந்துவிட்டார்கள். பெரும்பாலானவர்கள் கொள்ளையடிக்கப் போகவில்லை. பார்க்கப் போனார்கள். அதுவரை வேலிக்கு வெளியே நின்று பார்த்த வீட்டை அறை அறையாகச் சுற்றிப் பார்த்தார்கள். அன்று பதவியேற்றவர் சேலத்து வக்கீல் சி. ராஜகோபாலாச்சாரி. சுதந்திர இந்தியாவில் மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநர். வெல்லெஸ்லி கட்டிய வீட்டில் கதர் வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக நம் ராஜாஜி குடியேறினார். அடுத்த ஆண்டு ஜூனில் இங்கிருந்துதான் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக டெல்லி போனார். கலவரத்தில் வெந்து தணிந்திருந்த நகரத்தில் அவர் இருந்த அந்தப் பத்து மாதங்களைப் பற்றித் தமிழில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து.

பிற்பாடு 2004-ல் அவருடைய பேரனே அதே வீட்டுக்கு ஆளுநராக வந்தார். கோபாலகிருஷ்ண காந்தி, தந்தை வழியில் மகாத்மாவுக்குப் பேரன், தாய் வழியில் ராஜாஜிக்குப் பேரன். 2008-ல் மாநிலம் முழுவதும் மின்வெட்டில் தவித்தபோது, ஆளுநர் மாளிகையிலும் தினமும் 2 மணி நேரம் தாமாகவே விளக்குகளை அணைக்கச் சொன்னார். கர்சன் போட்ட விளக்கை ராஜாஜியின் பேரன் அணைத்தார். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் தெருவில் தமிழர், வங்காளி வேறுபாடில்லாமல் எல்லோருக்கும் பெருமையாக இருந்தது.

இனி ஏன் இத்தனை அழுத்தமாக நன்றி சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். சென்னையிலும் வெல்லெஸ்லி காலத்தில் இதே மாதிரி ஒரு கட்டட வேலை நடந்தது. கல்கத்தாவில் வெல்லெஸ்லி கட்டிக்கொண்டிருந்தபோது, அங்கே கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ், வானியலாளரும் பொறியாளருமான ஜான் கோல்டிங்ஹாமைக் கொண்டு அரசினர் தோட்டத்து மாளிகையை விரித்துக் கட்டினார். பக்கத்தில் ஒரு விருந்து மண்டபமும் எழுப்பினார். அவர்மீதும் லண்டன் இயக்குநர்கள் கோபப்பட்டார்கள். அந்த விருந்து மண்டபம்தான் இன்றைய ராஜாஜி மண்டபம். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோருக்குத் தமிழ்நாடு கடைசி மரியாதை செலுத்திய படிக்கட்டு அது. மண்டபம் பிழைத்துக்கொண்டது. மாளிகை பிழைக்கவில்லை. 2010-ல் திறக்கப்பட்ட புதிய சட்டமன்ற வளாகத்துக்காக அதை இடித்துவிட்டார்கள். அந்த வளாகமும் இப்போது மருத்துவமனையாகிவிட்டது. மருத்துவமனை நல்லதுதான், ஏழைகளுக்குப் பயன்படுகிறது. ஆனால் அந்த மாளிகையின் தாழ்வாரம் எப்படி இருந்தது, தூண்கள் எத்தனை, தோட்டத்துப் பாதை எந்தப் பக்கம் திரும்பியது என்று என் மகள் கேட்டால் பழைய புகைப்படங்களைத்தான் காட்ட முடியும். ஃபிரெடரிக் ஃபீபிக் போன்ற உங்கள் முன்னோடிகள் 1850-களிலேயே சென்னையைப் படம் பிடித்து வைத்ததால் அந்த அளவாவது மிஞ்சியது.

நீங்களும் 1860-களின் கடைசியில் தெற்கே வந்தீர்கள். நீலகிரி, திருச்சி, மதுரை, தஞ்சை எல்லாம் உங்கள் பட்டியலில் உண்டு. பட்டியல் என்றேன் அல்லவா, எனக்கு உங்களிடம் மிகவும் பிடித்ததே அதுதான். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள்; ஒவ்வொன்றிலும் எண்ணைக் கீறி வைத்தீர்கள். எண்ணுக்கு நேரே ஊர், கட்டடம், எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்று அச்சிட்ட பட்டியல் வெளியிட்டீர்கள். வாடிக்கையாளர் எண்ணைச் சொல்லிப் படம் வாங்குவதற்காகச் செய்த கடை ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏற்பாட்டால்தான் இன்று உலகின் எந்த மூலையில் உங்கள் அச்சு ஒன்று கிடைத்தாலும் இது இன்ன இடம் என்று சொல்லிவிட முடிகிறது. 1991-ல் சௌரங்கியில் இருந்த உங்கள் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டுடியோவில் தீப்பிடித்து அங்கிருந்த சேமிப்பின் பெரும்பகுதி கருகியது. கடைசியில் 2016-ல் கடையையும் மூடிவிட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டு நடந்த கடை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எஸ்பிளனேடு போய் அந்தக் கட்டடத்தின் எதிரே சிறிது நேரம் நின்றேன். என்னைப் போலவே இன்னும் சிலர் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலம் எரிந்தும் உங்கள் படங்கள் அநாதையாகவில்லை என்றால், காரணம் அந்த எண்கள்.

எங்கள் வீட்டிலிருந்து அலிப்பூர் அதிக தூரமில்லை. அங்கேயும் தோட்டத்தோடு ஒரு பழைய மாளிகை இருக்கிறது, பெல்வெடர். வாரன் ஹேஸ்டிங்ஸ் வைத்திருந்து விற்ற வீடு. 1780-ல் அவருக்கும் பிலிப் பிரான்சிஸுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்ததும் அதன் பக்கத்தில்தான். பிறகு 1854 முதல் வங்காளத்து லெப்டினன்ட் கவர்னர்கள் குடியிருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அது தேசிய நூலகமானது. மயிலாப்பூரில் பிறந்த பி.எஸ். கேசவன் அப்போது நூலகர். மௌலானா ஆசாத் 1953 பிப்ரவரி 1 அன்று அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். பேரகராதி தந்த எஸ். வையாபுரிப் பிள்ளையின் நூல் சேகரிப்பும் அங்கேதான் வந்து சேர்ந்தது. கவர்னர்கள் நடனமாடிய இடத்தில் தமிழ்ச் சுவடியும் அகராதிக் குறிப்பும் என்று நினைத்தாலே மனம் நிறைகிறது. பழைய படத்தில் பூட்டிய வாசலாகத் தெரிகிற ஒரு வீடு எல்லோருக்கும் திறந்த வீடாக மாற முடியும் என்பதை பெல்வெடர் எனக்குக் காட்டியது. அன்று எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இருந்தால்தானே எவ்வளவு மாறியது என்று தெரியும்?

ஆகவே, போர்ன் அவர்களே, ஆட்சியின் பெருமையைக் காட்ட நீங்கள் எடுத்த படத்துக்கு நான் அதற்காக நன்றி சொல்லவில்லை. சுண்ணாம்புப் பூச்சுக்காக, வளைந்த தாழ்வாரத்துக்காக, விளிம்பு கலையாத புல்தரைக்காக, தகட்டின் ஓரத்தில் கீறிய எண்ணுக்காக நன்றி. ஈரம் காய்வதற்குள் ஓடிய ஓட்டத்துக்காக நன்றி. பெயர் இல்லாத அந்த மாலிக்கும் கூலிக்கும் சேர்த்து நன்றி.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் மும்பையிலும் வேர்விட்ட நம் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் பழைய படங்கள் நிறைய கிடக்கின்றன. வேலை பார்த்த அலுவலகத்தின் வாசல், வாடகைக்கு இருந்த பங்களாவின் தோட்டம், சங்கத்து ஆண்டுவிழா. படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பாட்டியோ பெரியப்பாவோ இன்னும் இருக்கும்போதே அவற்றை வெளியே எடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், படத்தின் பின்புறம் ஊர், தெரு, ஆண்டு எழுதுங்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்த வேண்டாம். ஓரத்தில் நிற்கிற தோட்டக்காரர், சமையற்காரர், வாசல் காவலர் பெயரும் தெரிந்தால் அதையும் எழுதிவையுங்கள்.


லேக் கார்டன்ஸ் தமிழர் ஒருவர்